வகுப்பறையில் விஞ்ஞான ஏடு

நம் பிள்ளைகள் பாடசாலையிற் பயிலும் விஞ்ஞான நூல் ஒன்றை எடுத்துப் பார்ப்போமாயின், அதில் வரைவிலக்கணம் இருக்கும், விதி இருக்கும், படமும் பயிற்சி வினாவும் இருக்கும். அவ்விதியை முதன்முதற் கண்டவர் யார், அதற்கு முன்னே அறிஞர் எவ்வாறு கருதியிருந்தனர், அக்கருத்து எவ்விடத்திற் பிழைத்தது என்பன பெரும்பாலும் அங்கே இடம்பெற்றிரா. பாடநூலைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. குறித்த ஓர் ஆண்டிற்குள் குறித்த அளவு அறிவைக் கொடுத்தல் அதன் கடமை. அக்கடமையை அது செய்கின்றது. ஆயினும், முடிபை மாத்திரம் அறிந்த மாணவன் விஞ்ஞானத்தின் பாதியையே அறிந்தவனாவான். முடிபை நாடிச் சென்ற வழியையும் அவன் அறிதல் வேண்டும். அவ்வழியைக் காட்ட வல்லது எளிய தமிழில் எழுதப்பெற்ற விஞ்ஞானக் கட்டுரையும், அக்கட்டுரையைத் தாங்கி வரும் ஏடுமே என்பது என் துணிபு.

இதனைப் புதுமையான கருத்தென்று நேயர்கள் எண்ணுதல் வேண்டா. இலங்கைத் தமிழர் ஏட்டின் வாயிலாக விஞ்ஞானம் பயிலத் தொடங்கி 180 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அவ்வழக்கம் கண்டி மலைநாட்டிற்கு வந்து சேர நெடுங்காலம் சென்றது. அந்தத் தாமதத்தால் மலைநாட்டார் இழந்தது யாது, பின்னர்ப் பெற்றது யாது, இனிப் பெறவேண்டுவது யாது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க மிசனார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். கணிதமும் வானநூலும் அங்கே சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. அக்காலத்தில் வட்டுக்கோட்டையில் விசுவநாத சாத்திரியார் என்னும் பெரியார் பஞ்சாங்கம் கணித்து வந்தார். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழவிருந்த சந்திர கிரகணத்திற்கு அவர் கணித்த நேரமும் அளவும் ஒருவகை. செமினரித் தலைவர் தானியேல் பூர் கணித்தவை வேறொருவகை. இரண்டும் ஒருங்கே சரியாதல் இயலாது. எவருடைய கணிதம் சரி என்பதை எந்த நூலும் கூறவில்லை. அந்த இரவின் வானமே கூறவேண்டியிருந்தது. கிரகணம் பூர் கணித்த கணக்கிற்கு இசைய நிகழ்ந்தது.

இந்நிகழ்ச்சியைச் சமயப் பிரசாரத்திற்குப் பயன்படுத்தியோரும் உளர். நாம் இதனை ஆசிரியர் கண்கொண்டு நோக்குவோம். சாத்திரியாரின் கணிதம் தலைமுறை தலைமுறையாக வந்த பெருங்கலை. அதன் அருமையை உணர்ந்தே செமினரியைச் சேர்ந்த ஒய்சிங்டன் என்பவர், இந்து வானநூற் கணித முறையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தரும் நூலொன்றை 1848இல் வெளியிட்டார். கிரகண இரவு மாணவருக்குக் கற்பித்த பாடம், ஒருவர் வென்றார் மற்றவர் தோற்றார் என்பதன்று. இரு கூற்றுகள் முரணுமிடத்து, கூறியவரின் பெருமையைக் கொண்டு தீர்ப்புச் செய்யாது, இயற்கையையே சாட்சியாக அழைத்தல் வேண்டும் என்பதே அப்பாடம்.

இவ்வகைப் பாடத்தைச் செமினரியின் மதிலுக்கு வெளியே கொண்டு சென்றது 'உதயதாரகை' என்னும் பத்திரிகை. 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் அது தமிழும் ஆங்கிலமுமாக வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர்களாகிய ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும், பெயரால் மேனாட்டார் போலத் தோன்றினும், செமினரியிற் கற்ற தமிழரே. சமயத்தைப் பரப்புதல் அவ்வேட்டின் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் கல்வி, விஞ்ஞானம், பயிர்ச்செய்கை, உலகச் செய்தி ஆகியனவும் அதில் இடம்பெற்றன. நூல் வாங்க வகையற்றவர் வீட்டுத் திண்ணையிலும் ஏடு நுழையும். ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்பர். பாடநூலுக்கு இல்லாத இவ்வாற்றல் ஏட்டிற்கு உண்டு.

ஏட்டிற் பேசப்படும் பொருளுக்கு ஏற்ற சொல் வேண்டுமன்றோ? அதனை ஆக்கித் தந்தவர்களுள் தலைசிறந்தவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயிலிருந்து மருத்துவம் செய்தார். மாணவரைச் சேர்த்துக் கற்பித்தார். 1860களில் தமிழையே மருத்துவ போதனைக்குரிய மொழியாக்கினார். தம் மாணவரின் துணையோடு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' ஆகியன அவற்றுட் சில. தமிழிற் சொல் உண்டாயின் அதனை எடுத்தல், இல்லையாயின் வடமொழியை நாடுதல், அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட நெறி. 'கெமிஸ்தம்' என்னும் பெயரே இந்நெறிக்குச் சான்று. இன்று நாம் இரசாயனம் என்கின்றோம், பெயர் மாறிற்று. ஆயினும், எத்துணை நுண்ணிய பொருளையும் தமிழாற் சொல்லலாம் என்பதை அவர் செய்து காட்டிவிட்டார்.

நிற்க. யாழ்ப்பாணத்தில் இவை நிகழ்ந்த அதே காலத்தில், கண்டி மலைநாட்டின் நிலை யாது? இங்கே விஞ்ஞானம் இல்லாமல் இல்லை. 1821ஆம் ஆண்டிலே பேராதனையில் அரச தாவரவியற் பூந்தோட்டம் அமைந்துவிட்டது. உலகின் பல பாகங்களிலிருந்து வித்தும் நாற்றும் அங்கே வந்தன. அறிஞர் தங்கி ஆராய்ந்தனர். மலைச்சரிவெங்கும் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளையையும் கண்டியையும் அடைந்தனர். விஞ்ஞானமும் இங்கே இருந்தது. தமிழரும் இங்கே இருந்தனர். இரண்டையும் இணைக்கும் ஏடுதான் இல்லை. அதனால் விளைந்தது யாது என்பதற்குக் கோப்பியின் வரலாறே தக்க சான்று.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவர் துவைற்ஸ், அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்கிலி என்னும் பங்கசு ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினார். பேர்க்கிலி ஒரு பாதிரியார். ஆயினும் இத்துறையிற் பெரும்புலவர். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் தொடங்கியபோது, அழுகலாற் பங்கசு வந்ததென்று பலரும் கூற, பங்கசால் அழுகல் வந்ததென்று மறுத்துரைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். கோப்பி இலையிற் கண்டதும் இதுவரை அறியப்படாத ஒரு பங்கசே என்று அவர் அறிவித்தார். அதற்கு அவர் இட்ட இலத்தீன் பெயரின் பிற்பகுதி 'பாழாக்குவது' என்னும் பொருளுடையது. அப்பெயர் முற்றும் மெய்யாயிற்று.

தோட்டத்துரைமார் தொடக்கத்தில் இதனைப் பொருட்படுத்தவில்லை. கோப்பி விலை உயர்ந்திருந்தது. புதிய காடுகள் வெட்டப்பட்டன. மண் வளங்குன்றியதால் நோய் வந்தது என்றனர் சிலர்; பருவநிலை பிழைத்ததால் வந்தது என்றனர் வேறு சிலர். உரம் இட்டால் தீரும் என்று உரமிட்டனர். கந்தகமும் சுண்ணாம்பும் தூவினர். நோயோ நிற்கவில்லை. ஈற்றில் அரசாங்கம் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானியை வரவழைத்தது. 1880இல் அவர் பேராதனைக்கு வந்தபோது வயது இருபத்தாறுக்கு மேற்படவில்லை.

வார்ட் செய்த ஆராய்ச்சி, எட்டாம் வகுப்புப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளத்தக்கது. அவர் முதலில் ஒன்றன்பின் ஒன்றாக வினாக்களை அடுக்கினார். இந்தச் செம்மஞ்சட் பொடி யாது? நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். அது பங்கசின் வித்திகளின் திரள் என்று கண்டார். வித்தி எப்போது முளைக்கும்? உலர்ந்த இலையில் அது வாளா கிடந்தது. நீர்த்துளி பட்டபோது முளைத்தது. முளைத்தது எவ்வழியாக இலையினுட் புகும்? இலையின் அடிப்புறத்திலுள்ள இலைவாய்களின் வழியே புகுவதைக் கண்டார். ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்கு அது எவ்வாறு செல்கின்றது? கிளிசரீன் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்திற் காற்றுப்படும்படி வைத்தார். காற்றோடு பறந்து வந்த வித்திகள் அவற்றில் ஒட்டிக்கொண்டன. இவ்வாறு, மண்ணின்மேலும் வானத்தின்மேலும் சுமத்தப்பட்ட பழியை நீக்கி, உண்மைக் காரணத்தை அவர் நிலைநாட்டினார்.

ஆனால் அவர் கூறிய தீர்ப்பு துரைமாருக்கு உவப்பானதன்று. பங்கசு இலையினுட் புகுந்த பின்னர் மேலே தூவும் மருந்து அதனைத் தொடாது; புகுவதற்கு முன்னரே இலையைக் காத்தல் வேண்டும். மலைமேல் மலையாக, இடையிற் காடும் காற்றுத்தடையும் இன்றி, ஒரே பயிரை நட்டதே நோய் பரவப் பெருந்துணை செய்தது என்றும் அவர் எடுத்துரைத்தார். மருந்து கேட்டவர்களுக்கு அவர் கொடுத்தது காரண விளக்கம். அவர் 1882இல் நாடு திரும்பினார். 1870ஐ ஒட்டிய காலத்தில் ஆண்டொன்றிற்குச் சுமார் பத்து இலட்சம் அந்தராக இருந்த கோப்பி ஏற்றுமதி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதிற் பத்திலொரு பங்கிற்கும் கீழே வீழ்ந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. தெல்தோட்டைக்கு அணித்தான லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே பின்னர் மலைநாட்டைக் காத்தது. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, 1895இல் மூன்று இலட்சம் ஏக்கராயிற்று. கோப்பிக்குப் பருவகால வேலை. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுத்தல் வேண்டும். வந்து திரும்பிய மக்கள் குடும்பத்தோடு நிலையாகத் தங்கியது இம்மாற்றத்தின் விளைவே. ஆகவே, மலைநாட்டுத் தமிழரின் சமுதாய வரலாற்றை ஒரு நுண்ணிய பங்கசு திருப்பிவிட்டது என்று கூறினால் அது மிகையாகாது.

இவ்வளவு பெரிய மாற்றத்தைப்பற்றிய அறிவு எம்மொழியில் இருந்தது? ஆங்கிலத்தில் இருந்தது. வார்டின் அறிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சாயின. 1881இற் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் தொடங்கிய பயிர்ச்செய்கை மாதஏட்டைத் துரைமார் படித்தனர், தத்தம் அனுபவங்களை எழுதினர், ஒருவரையொருவர் மறுத்தனர். அந்த ஏடே அவர்களுக்கு ஒரு பாடசாலையாக விளங்கிற்று. தமிழில் இருந்தவை யாவை? நோய் கண்ட அதே 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூலை இயற்றி வெளியிட்டார். கோப்பி பயிரிடும் முறையைக் கும்மிப் பாட்டாகச் சொன்ன அம்முயற்சி பாராட்டற்குரியது. ஆயின், பயிரிடும் முறையைச் சொன்ன தமிழ், பயிர் அழிந்த காரணத்தைச் சொல்லும் நிலைக்கு அன்று வளர்க்கப்படவில்லை. துரைமாருக்குத் தமிழ் கற்பித்த கைந்நூலின் பெயரோ 'இங்கே வா' என்பது. ஏவுவதற்குரிய தமிழை அவர்கள் கற்றனர். விளக்குவதற்குரிய தமிழ் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த இலையைக் கையால் தொட்டவர்களுக்கு, விரலில் ஒட்டிய பொடி யாது என்று எடுத்துரைப்பதற்கு ஓர் ஏடு இல்லாமற் போயிற்று.

கண்டித் தமிழ் உலகம் ஏட்டின் அருமையை அறியாதிருந்தது என்று இதனாற் கொள்ளலாகாது. 1838இற் கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கித் தம் சமுதாயத்தாரை நவீன கல்வியின்பால் அழைத்தார். ஏட்டில் எழுதியதோடு அமையாது பாடசாலைகளையும் நிறுவினார். பெண் கல்விக்கும் பாடுபட்டார். ஏடு முன்னே சென்று வழிதிறக்க, பாடசாலை பின்னே சென்று குடிபுகும் என்பதற்கு அவர் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு.

இருபதாம் நூற்றாண்டில் தமிழில் விஞ்ஞானம் எழுதும் முயற்சி கடலின் இருகரையிலும் வலுப்பெற்றது. சேலத்தில் 1916ஆம் ஆண்டில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் விஞ்ஞானச் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கத்தை அமைத்து ஏடொன்றும் நடத்தினர். அடுத்த ஆண்டிற் பெ. நா. அப்புசாமி தம் முதல் விஞ்ஞானக் கட்டுரையைத் தமிழில் எழுதினார். 1986இல் மறையும் வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அத்துறையில் உழைத்தார். அவர் தொழிலால் வழக்கறிஞர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மட்டக்களப்புக் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே வாய்ந்தவர். 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். கோவையிலிருந்து 'கலைக்கதிர்' என்னும் விஞ்ஞான மாதஏடு வெளிவந்தது. பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை அச்சேறியது.

இலங்கையிலோ, 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளிற் தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1950களில் அது வகுப்பு வகுப்பாக மேலேறி விஞ்ஞான பாடங்களையும் எட்டியது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆங்கிலத்திற் கற்ற ஆசிரியர் தமிழிற் கற்பிக்க வேண்டியவரானார். கையிற் சொற்பட்டியல் இருந்தது. ஆனால் அச்சொற்கள் உயிருடன் உலாவும் உரைநடை போதியதாக இல்லை. பட்டியலில் உள்ள சொல் வித்தைப் போன்றது. கட்டுரையாகிய மண்ணில் விழுந்தாலன்றி அது முளையாது.

அவ்வேளையிற் பேராதனை மீண்டும் நம் வரலாற்றினுள் வருகின்றது. 1942இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1961இல் விஞ்ஞான பீடம் அமைந்தது. 1964இற் பொறியியற் பீடம் வந்து சேர்ந்தது. முன்னொரு காலத்தில் வார்ட் நுணுக்குக்காட்டியுடன் அமர்ந்திருந்த அவ்வூரில், இப்போது தமிழ் விஞ்ஞானிகளும் மருத்துவரும் பொறியியலாளரும் கூடினர். அவர்களிற் சிலர் ஒன்றுசேர்ந்து 1970களின் முற்பகுதியில் 'ஊற்று' என்னும் விஞ்ஞான ஏட்டைத் தமிழில் வெளியிடத் தொடங்கினர். தாம் ஆங்கிலத்திற் கற்றதையும் ஆராய்ந்ததையும், தமிழிற் பயிலும் மாணவருக்கும் பொதுமக்களுக்கும் எடுத்துரைத்தல் அதன் நோக்கம். யாழ்ப்பாணத்தில் 1841இல் தோன்றிய வழக்கம், ஒரு நூற்றாண்டிற்கும் மேலான பின், மகாவலியின் கரைக்கு வந்து சேர்ந்தது.

விஞ்ஞானியே தன் கையாற் தமிழில் எழுதும்போது விளையும் நன்மை பெரிது. மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் முடிபைத் தருவார். விஞ்ஞானியோ தான் பட்ட ஐயத்தையும் உடன் தருவார். பாடநூலை எதிர்நோக்கி நின்ற ஆசிரியருக்கு இத்தகைய ஏடு உற்ற துணை. ஆனால் ஏட்டின் வாழ்வு, எழுதுவோரும் படிப்போரும் ஓரிடத்தில் அமைதியாக வாழ்வதைப் பொறுத்தது. 1977இலும் 1983இலும் நிகழ்ந்த இனக்கலவரங்கள் மலைநாட்டையும் விட்டுவைக்கவில்லை. கற்றோர் பலர் ஊரையும் நாட்டையும் விட்டுச் சென்றனர். ஒருவர் புலம்பெயரும்போது அவர் எழுதியிருக்கக்கூடிய கட்டுரைகளும் அவருடன் சென்றுவிடுகின்றன. அந்த இழப்பை எந்தக் கணக்கேட்டிலும் நாம் எழுதிவைப்பதில்லை.

1970களின் பிற்பகுதி முதல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதனால், நூறாண்டுகளுக்கு மேலாகக் கல்வியின் வாயிலில் நின்ற பிள்ளைகள் பொதுக் கல்வியினுள் வந்தனர். ஆயினும், விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் மலைநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் இன்னும் அரிதாகவே உள்ளன. இந்நிலையில் ஏட்டுக் கட்டுரையை வகுப்பறைக்குக் கொண்டு செல்லுதல் ஓர் அலங்காரம் அன்று, அவசியம்.

நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்து அதிபரானவன். ஆயினும் நல்ல விஞ்ஞானக் கட்டுரை ஒன்றை எடுத்து மாணவரோடு சேர்ந்து படிப்பதற்கு என் பட்டம் தடையாக இருந்ததில்லை. வழக்கறிஞராகிய அப்புசாமி எழுதவல்லவரானால், வரலாற்றாசிரியன் படிக்கவேனும் வல்லவன் அன்றோ? கிழமைக்கு ஒருமுறை ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குவது என் வழக்கம். மாணவர் ஒருவர் கட்டுரையை உரக்கப் படிப்பார். பின்னர் மூன்று வினாக்கள் எழும். முன்னே இருந்த கருத்து யாது? அது தவறென்று எதனால் தெரிந்தது? இன்னும் தெரியாதது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடைதராத கட்டுரை எத்துணை இனிமையாக இருப்பினும் எம் வகுப்பிற்கு உதவாது.

கோப்பித் துருவின் வரலாற்றை இவ்வாறு படித்த ஒரு நாளில், பெற்றோர் தேயிலைத் தோட்டத்தில் உழைக்கும் மாணவி ஒருத்தி, "இலைவாய் அடிப்புறத்தில் இருக்குமானால், மேற்புறத்தில் மருந்து தெளிப்பதனால் என்ன பயன், சேர்?" என்று கேட்டாள். பாடநூலில் இலைவாய் பற்றிய பாடத்தை அவள் முன்னரே படித்திருந்தாள். அப்போது அவ்வினா எழவில்லை. மறுநாள் கண்டி வீட்டுத் தோட்டங்களில் இன்றும் நிற்கும் கோப்பிச் செடிகளிலிருந்து பிள்ளைகள் இலைகள் கொண்டு வந்தனர். சிலவற்றின் அடிப்புறத்தில் அதே செம்மஞ்சட் புள்ளிகள் இருந்தன. விரலால் தடவினர்; பொடி ஒட்டியது. ஒன்றரை நூற்றாண்டிற்கு முன் தம் முன்னோர் விரலில் ஒட்டிய அதே பொடியை அவர்கள் பெயரறிந்து, காரணமறிந்து பார்த்தனர். விஞ்ஞான ஆசிரியர் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் வந்து மிகுதிப் பாடத்தை எடுத்துக்கொண்டார். அங்கிருந்து, 1946இல் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய்க்குப் பேச்சுச் சென்றது. அந்நோய்க்குச் செப்பு மருந்து தெளிப்பதைத் தம் வீட்டாரிடம் கேட்டறிந்திருந்த பிள்ளைகள், ஆசிரியருக்கே செய்தி சொல்லத் தொடங்கினர்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அச்சிலாயினும் மின்திரையிலாயினும், விஞ்ஞானம் என்னும் பெயரோடு வருவன எல்லாம் விஞ்ஞானம் ஆகா. ஒரே மூலிகையால் எந்நோயும் தீரும் என்று எழுதுவோர் உளர். நம் முன்னோர் யாவற்றையும் முன்னரே கண்டுவிட்டனர் என்று எழுதி மகிழ்வோரும் உளர். முன்னாளிற் கட்டுரை கிடைப்பது அரிதாயிருந்தது. இந்நாளில் நல்லதைத் தெரிந்தெடுப்பது அரிதாயிருக்கின்றது. இதற்கு அஞ்சி ஏட்டையே விலக்குதல், நோய்க்கு அஞ்சிப் பயிரிடாது விடுதலை ஒக்கும். எழுதியவர் யார், அவர் தாமே கண்டாரா, பிறர் கண்டதைச் சொல்கின்றாரா, மறுப்பவர் கூற்றையும் தந்துள்ளாரா என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும். இவ்வாறு கேட்கப் பழகியவன் சந்தையிலும் தேர்தல் மேடையிலும் எளிதில் ஏமாறான்.

நேயர்களே, மலைநாட்டில் விஞ்ஞானம் நிகழ்ந்தபோது அதனைத் தமிழிற் சொல்ல ஆளில்லை. தமிழிற் சொல்ல ஆள் வந்தபோது நாட்டில் அமைதி இல்லை. இன்று இரண்டும் ஓரளவு வாய்த்துள்ளன. பேராதனையிற் கற்கும் நம் இளைஞர் ஆண்டிற்கு ஒரு கட்டுரையேனும் தாம் ஆராய்வதைப்பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளங்கும் தமிழில் எழுதுவாராக. ஆசிரியர் அதனை வகுப்பில் உரக்கப் படிப்பிப்பாராக. பெற்றோர், பிள்ளை வீட்டிற்கு வந்து கேட்கும் வினாவைக் கடிந்து தள்ளாது செவிகொடுப்பாராக. கொழுந்துக் கூடை சுமந்தவரின் பேர்த்தி ஒருத்தி, தன் மலையில் விளையும் பயிரின் நோயைத் தானே ஆராய்ந்து, அதனைத் தமிழில் எழுதி, தான் கற்ற பாடசாலைக்கு அனுப்பும் நாள் வருமாயின், 1869இல் எழுதப்படாது விடப்பட்ட அந்தக் கட்டுரை அன்று எழுதப்பட்டதாகும்.